டிசம்பர் 28: 33 பேர் காசு கொடுத்த மாலை

பாரிஸ் நகரின் கபுசின் பெருவீதியில், 14ஆம் எண் கட்டடத்தில் 'கிரான் கஃபே' என்றொரு காப்பிக்கடை இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் ஓர் அறை. 'சலோன் அந்தியேன்' என்று பெயர். தமிழில் சொன்னால் இந்திய அறை. அங்கே அசையும் படம் காட்டப்போகிறோம், நாள் வாடகைக்கு அறை வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், வாடகைக்குப் பதிலாக வசூலில் 20 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. பங்கெல்லாம் வேண்டாம், நாளுக்கு 30 ஃபிராங்க் கொடுத்தால் போதும் என்றார். 1895 டிசம்பர் 28, சனிக்கிழமை, காட்சி தொடங்கியது. கட்டணம் ஆளுக்கு 1 ஃபிராங்க். காசு கொடுத்து உள்ளே போனவர்கள் 33 பேர். அன்றைய கணக்கில் கடைக்காரர்தான் கெட்டிக்காரர். சில வாரங்களுக்குள் அதே அறையில் நாள் வசூல் 2,000 ஃபிராங்கைத் தாண்டிவிட்டது.

சினிமாவின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது இந்தத் தேதியைத்தான். அந்தக் கொண்டாட்டம் சரிதானா என்பது ஒரு கேள்வி. அதற்கு முன் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தினசரிகளில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு கட்டம் வருமே, அதைச் சின்ன வயதிலிருந்து விடாமல் படிக்கிறவன் நான். ஒரு நடிகர் பிறந்தார், ஒரு படம் வெளியானது, ஒரு பாடகர் மறைந்தார் என்று வரிசையாகப் போகும். வேறு வேறு ஆண்டில், வேறு வேறு ஊரில் நடந்தவை, தேதி ஒன்று என்பதற்காக ஒரே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிச் சேர்வதில் பொருள் ஏதாவது உண்டா, அல்லது நாட்காட்டித் தாள் கிழிபடுகிற கணக்குத்தானா? இரண்டு கேள்விகளையும் டிசம்பர் 28 என்ற ஒரே நாளை வைத்துப் பார்க்கலாம்.

முதலில், தேதிகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. பிறப்பும் இறப்பும் யாரையும் கேட்டு வருவதில்லை. கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, எம். எஸ். விசுவநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. ஒருவர் சிறுகூடல்பட்டி, மற்றவர் பாலக்காட்டுப் பக்கம். அவர்கள் சேர்ந்து செய்த பாட்டுகளுக்கும் தேதிப் பொருத்தத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஜூன் 24 வந்தால் இரண்டு பேரையும் ஒருசேர நினைக்காத தமிழர் குறைவு. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் மு. கருணாநிதியின் பிறந்தநாளும் என்பதால், அந்த நாளை அவருக்கே விட்டுவிட்டுத் தன் பிறந்தநாளை ஜூன் 2க்கு மாற்றிக்கொண்டார். பிறந்த தேதியைக்கூட மரியாதைக்காக ஒருவர் விட்டுக்கொடுக்க முடிகிறது என்றால், அதன் மதிப்பு பிறந்தவரிடம் மட்டும் இல்லை, கொண்டாடுகிறவர்களிடமும் இருக்கிறது.

பட வெளியீடு வேறு சாதி. அது கணக்குப் போட்டுக் குறிக்கிற நாள். 'ஹரிதாஸ்' 1944 அக்டோபர் 16. 'பராசக்தி' 1952 அக்டோபர் 17. 'நாயகன்' 1987 அக்டோபர் 21. 'தளபதி'யும் 'குணா'வும் 1991 நவம்பர் 5. ஆங்கிலத் தேதியில் இவை நான்கு வெவ்வேறு நாட்கள். நம் கணக்கில் எல்லாம் ஒரே நாள், தீபாவளி. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். அது சென்னை பிராட்வே தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று எண்ணிச் சொல்கிறவர்கள் குறைவு. பிறப்புக்கு நட்சத்திரமும் இறப்புக்குத் திதியும் பார்க்கிற சமூகத்துக்கு, ஜனவரி டிசம்பர் என்று ஓடும் 'வரலாற்றில் இன்று' கொஞ்சம் ஒட்டாமல்தான் இருக்கிறது. பாரிஸில் டிசம்பர் 28ஐத் தேர்ந்தவர்களும் பண்டிகைக் கணக்கை அறியாதவர்கள் அல்ல. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு பிறக்காத வாரம் அது. கடைவீதியில் ஜனம் கையில் காசோடு நடமாடும் வாரம்.

மூன்றாவது சாதி, 'முதல்' என்று உரிமை கோருகிற தேதி. வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

எந்திரத்தின் பிறந்தநாளைத் தேடினால் டிசம்பர் 28 நிற்காது. 1888 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தின் ரவுண்ட்ஹே பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் லூயி லெ பிரின்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தன் குடும்பத்தார் நடப்பதைப் படம் பிடித்தார். இரண்டே விநாடி ஓடும் அந்தத் துண்டு இன்றும் இருக்கிறது. 1890 செப்டம்பரில் அவர் பிரான்சில் திஜோன் நகரத்தில் ரயில் ஏறினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. திரையில் பாய்ச்சிக் காட்டியது யார் என்று கேட்டால் எமில் ரெய்னோ முன்னால் வந்து நிற்பார். 1892 அக்டோபர் 28 முதல் பாரிஸின் கிரெவான் அருங்காட்சியகத்தில், கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படங்களைத் திரையில் அசைய வைத்து, கட்டணம் வாங்கிக் காட்டினார். அந்த அக்டோபர் 28தான் இப்போது உலக அசைவூட்டப் பட நாள். அவர் கதையின் முடிவு மனதை அறுப்பது. சினிமா வளர வளர அவருடைய கண்காட்சியைத் தேடி வருவார் இல்லாமல் போயிற்று. மனமுடைந்து, ஆண்டுக்கணக்கில் தன் கையால் வரைந்த சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார்.

எடிசன் கம்பெனியின் கினெட்டோஸ்கோப் நியூயார்க்கில் பொதுமக்களுக்குத் திறந்தது 1894 ஏப்ரல் 14. பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் குனிந்து துளைக்குள் பார்க்க முடியும். நம் ஊர்த் திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் காட்டுவாரே, அந்த வகை. அதே நகரத்தில் 1895 மே 20 அன்று லேத்தம் குடும்பத்தார் ஒரு குத்துச்சண்டைப் படத்தைத் திரையில் காட்டிக் கட்டணம் வாங்கினார்கள். பெர்லினில் ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் நவம்பர் 1 அன்று விண்டர்கார்ட்டன் அரங்கில் காட்டினார்கள். கிரான் கஃபேயில் படம் காட்டிய கருவியைச் செய்த லூமியேர் சகோதரர்களேகூட மார்ச் 22 அன்று பாரிஸில் ஒரு தொழில் கழகத்தின் கூட்டத்தில் தங்கள் படத்தைக் காட்டிவிட்டார்கள். அந்தக் கருவியின் 'சினிமாட்டோகிராஃப்' என்ற பெயரும் அவர்கள் உண்டாக்கியது இல்லை. லெயோன் பூலி என்பவர் 1892இல் தன் கருவிக்கு வைத்த பெயர் அது.

ஆக, படம் பிடிப்பதில் முதல் இல்லை, திரையில் காட்டுவதில் முதல் இல்லை, காசு வாங்குவதிலும் முதல் இல்லை, பெயரும் சொந்தம் இல்லை. அப்படி இருந்தும் இந்தத் தேதி நின்றுவிட்டது. பிரான்சின் தேசப் பெருமை ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1995இல் நூற்றாண்டு வந்தபோது, பழைய சினிமாட்டோகிராஃப் கருவியையே கையில் கொடுத்து, உலகம் முழுவதும் சுமார் 40 இயக்குநர்களை ஆளுக்கு 52 விநாடிப் படம் எடுக்கச் சொன்னார்கள். அதே ஆண்டில் ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் திரைப்பட மாணவர்களோடு சேர்ந்து ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். எந்த நாளைக் கொண்டாடுவது என்பது அவரவர் ஊரைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் பெருமை மட்டுமே ஒரு தேதியை இவ்வளவு காலம் தாங்காது. எனக்குப் படுகிற காரணம் வேறு. விண்டர்கார்ட்டனில் படம் என்பது ஒரு வேடிக்கை நிகழ்ச்சியின் கடைசி உருப்படி. கழைக்கூத்தையும் பாட்டையும் பார்க்க வந்தவர்களுக்குக் கூடவே அதுவும் கிடைத்தது. எடிசனின் பெட்டியில் பார்க்கிறவன் தனியன். ரெய்னோ காட்டியவை கையால் வரைந்த படங்கள். தொழில் கழகத்தில் இருந்தவர்கள் அழைக்கப்பட்ட அறிஞர்கள். லேத்தம் குடும்பத்தின் காட்சி படத்துக்காகவே நடந்ததுதான், ஆனால் அது தெளிவாகவும் இல்லை, தொடர்ந்து நிலைக்கவும் இல்லை. கிரான் கஃபேயில்தான் ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள், படம் ஒன்றுக்காகவே காசு கொடுத்து, ஓர் இருட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் வேறு ஆட்கள் வந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். அந்த வருகை இன்றுவரை அறுபடவில்லை. அந்தத் தேதி பார்வையாளர்களின் பிறந்தநாள். அப்படிப் பார்த்தால் அதற்குப் போட்டியே இல்லை.

அந்த மாலையைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். கருவியை உருவாக்கிய ஒகுஸ்த், லூயி சகோதரர்கள் அன்று அங்கே இல்லை. லியோன் நகரில் இருந்தார்கள். காட்சியை நடத்தியவர் அவர்களுடைய தந்தை அந்துவான் லூமியேர். ஓவியராக இருந்து புகைப்படக்காரரானவர். லியோனின் மோன்பிளேசிர் பகுதியில் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலை குடும்பச் சொத்து. மகன்கள் செய்த கருவி ஒரு கைப்பெட்டி அளவுதான், எடை 5 கிலோ பக்கம். அதுவே படம் பிடிக்கும், அதுவே நகல் எடுக்கும், அதுவே திரையில் காட்டும். கைப்பிடியைச் சுற்றினால் விநாடிக்குச் சுமார் 16 படம். படச்சுருளை ஒவ்வொரு கட்டமாக இழுத்து நிறுத்தி மறுபடி இழுக்கிற கொக்கிக்குத் தையல் மிஷின் துணியை நகர்த்துகிற விதம்தான் வழிகாட்டி. எடிசன் கம்பெனியின் படப்பிடிப்புக் கருவியை ஓர் அறைக்குள் வைத்துத்தான் இயக்க முடியும். இதை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். பின்னால் உலகம் சுற்றியதன் ரகசியம் இதுதான்.

விருந்தாளியாக வந்தவர்களில் ஜார்ஜ் மெலியேஸ் இருந்தார். பாரிஸில் ஒரு மாயவித்தை அரங்கை நடத்தியவர். பிற்காலத்தில் அந்த மாலையை அவர் நினைவுகூர்ந்ததில் ஒரு செய்தி எனக்கு எப்போதும் பிடிக்கும். முதலில் திரையில் விழுந்தது அசையாத படம். லியோன் நகரத்து வீதி ஒன்று. இதற்காகவா கூப்பிட்டார்கள், இதை நான் பத்து வருஷமாகக் காட்டுகிறேனே என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குதிரை வண்டி அசைந்து அவர்களை நோக்கி வரத் தொடங்கியது. வாயடைத்துப் போனார்கள். காட்சி முடிந்ததும் கருவியை விலைக்குக் கேட்டார் மெலியேஸ். அந்துவான் தரவில்லை. லண்டனில் வேறொரு கருவியை வாங்கி, 1902இல் நிலவுக்குப் போகும் படம் எடுத்தது பின்கதை.

அன்றைக்குப் பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் 50 விநாடிக்குள். முதல் படம், லூமியேர் தொழிற்சாலை விட்டுத் தொழிலாளர்கள் வெளியே வருவது. பெரும்பாலும் பெண்கள், தொப்பியும் நீண்ட பாவாடையுமாக, கதவு திறந்ததும் இரண்டு பக்கமும் பிரிந்து நடக்கிறார்கள். ஒரு நாய் ஓடுகிறது. இந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு குதிரை, இன்னொன்றில் இரண்டு குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. அதாவது சினிமாவின் முதல் படத்துக்கே 'மறுபடி எடுப்போம்' என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்குக் காலை உணவு ஊட்டும் படம் ஒன்று. ஊட்டுபவர் ஒகுஸ்த், குழந்தை அவர் மகள். தோட்டக்காரரின் தண்ணீர்க் குழாயை ஒரு பையன் மிதித்துக்கொண்டு, அவர் குனிந்து பார்த்ததும் காலை எடுக்கிற வேடிக்கை ஒன்று. கதை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். ஆனால் பார்த்தவர்களைக் கவர்ந்தது கதை மட்டும் இல்லை. குழந்தைக்கு உணவூட்டும் படத்தில் பின்னால் மரத்தின் இலைகள் அசைந்ததைப் பார்த்து வியந்தார்கள் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். யாரும் நடிக்கச் சொல்லாத இலைகள்.

இங்கே ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிட வேண்டும். ரயில் வண்டி திரையில் வந்ததைப் பார்த்து ஜனம் அலறி எழுந்து ஓடியது என்று பள்ளிப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை வருகிறது. டிசம்பர் 28 நிகழ்ச்சி வரிசையில் ரயில் படமே கிடையாது. அது 1896இல்தான் காட்டப்பட்டது. அப்போதும் யாரும் ஓடியதற்கு அக்காலத்துச் சான்று இல்லை என்று ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லோய்ப்பர்டிங்கர் தேடி எழுதியிருக்கிறார். இந்தக் கதை பரவியதில் எனக்கு வருத்தம் உண்டு. முதல் பார்வையாளர்களை ஏமாளிகளாகக் காட்டுகிறது அது. உண்மையில் அவர்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று வேறு இருக்கிறது. டிசம்பர் 30 அன்று பாரிஸ் பத்திரிகைகள் இரண்டில் செய்தி வந்தது. அவற்றில் 'லா போஸ்ட்' எழுதியதன் சாரம் இது: இந்தக் கருவி எல்லோர் கைக்கும் வந்து, அன்பானவர்களை நடமாட்டத்தோடும் முகபாவத்தோடும் படம் பிடித்து வைத்துக்கொள்ள முடியும்போது, சாவு இனி முழுமையான சாவாக இருக்காது. சினிமா பிறந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அதன் ஆழம் எது என்று ஒரு பத்திரிகைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

அதே 1895 டிசம்பர் 28 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்தில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் தன் எக்ஸ் கதிர் கட்டுரையை மருத்துவக் கழகத்திடம் கொடுத்தார். உடலை ஊடுருவி எலும்பைக் காட்டும் ஒளியும், இல்லாத ஆளை அசையக் காட்டும் ஒளியும் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தன. இது தற்செயல்தான். ஆனால் அடுத்த சில ஆண்டுகள் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் இரண்டையும் அருகருகே வைத்துக் காசு வாங்கிக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்கு இரண்டும் ஒரே அதிசயத்தின் இரண்டு பக்கமாகத்தான் தெரிந்திருக்கின்றன. நாட்காட்டி சும்மா சேர்த்து வைத்ததைச் சில சமயம் ஜனமே பொருளோடு சேர்த்துக்கொள்கிறது.

பெர்லின்காரர்களுக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் பாரிஸின் ஃபோலி பெர்ழேர் அரங்கில் ஜனவரி முதல் காட்சி நடத்த ஒப்பந்தம் செய்திருந்தார்கள். பாரிஸுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் லூமியேர் காட்சி ஊரைப் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தம் ரத்தானது. இரண்டு சுருள்களை மாற்றி மாற்றிக் காட்டும் அவர்களுடைய கனத்த கருவி, அந்தக் கைப்பெட்டிக்கு முன்னால் நிற்க முடியவில்லை. டிசம்பர் 28ஐ நினைக்கும்போது ரெய்னோவையும் இவர்களையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

கைப்பெட்டி கப்பலேறியது. 1896 ஜூலை 7 அன்று பம்பாயில் வாட்சன் ஓட்டலில் மரியூஸ் செஸ்தியே என்ற லூமியேர் ஆள் 1 ரூபாய் கட்டணத்தில் படம் காட்டினார். அந்த டிசம்பருக்கும் இந்த ஜூலைக்கும் இடையே ஆறு மாதம் சில நாட்கள்தான். இந்திய அறையில் தொடங்கியது இந்தியாவுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தது பொருத்தம்தான். தமிழ்நாட்டுக்கு வந்த வழியிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். 1905இல் டியூபாண்ட் என்பவர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தபோது உடல்நலம் கெட்டது. கருவியையும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் ரயில்வேயில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்டுக்கு விற்றுவிட்டார். வின்சென்ட் வேலையை விட்டுவிட்டு, கூடாரம் கட்டி, தெற்கே ஊர்களையெல்லாம் சுற்றினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். நம் பாட்டன்மார் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த டூரிங் டாக்கீஸ் எல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

இனி 'வரலாற்றில் இன்று' கட்டத்தில் உள்ள மற்ற பெயர்கள். பலவற்றை வேகமாகத் தாண்டலாம். மேகி ஸ்மித் பிறந்தது 1934 டிசம்பர் 28, டென்சல் வாஷிங்டன் 1954 டிசம்பர் 28. இருவரும் பெரிய நடிகர்கள். தேதியால் அவர்களுக்குக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 1922 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் பிறந்த ஸ்டான் லீ, ஓவியர் ஸ்டீவ் டிட்கோவோடு சேர்ந்து 1962இல் ஸ்பைடர்மேனை உண்டாக்கினார். காகிதத்தில் பிறந்த அந்தப் பையன் திரைக்கு வந்து, இன்று நம் கிராமத்துப் பிள்ளைகளின் சட்டைவரை வந்திருக்கிறான்.

ஆனால் ஃபிரெடரிக் முர்னாவின் தேதியில் நான் நின்றுவிடுவேன். பிறந்தது 1888 டிசம்பர் 28, ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரத்தில். லீட்ஸ் தோட்டத்துத் துண்டுப்படம் எடுத்த அதே ஆண்டு. கிரான் கஃபேயில் 33 பேர் உட்கார்ந்திருந்த மாலையில் அந்தப் பையனுக்கு ஏழு வயது நிறைந்தது. வளர்ந்து 'நோஸ்ஃபெராட்டு' எடுத்தார், 1922இல். ஒரு வீட்டின் மாடிப்படிச் சுவரில் நகம் நீண்ட கைகளோடு ஓர் உருவத்தின் நிழல் மட்டும் ஏறிப் போகும். லூமியேர் குடும்பம் வெயிலைக் காட்டியது. முர்னாவ் நிழலைக் காட்டினார். 'சன்ரைஸ்' 1927இல் வந்தது. 1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் பரிசு பெற்றது. 1931 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தபோது வயது 42. தமிழ்ப் பேசும்படம் அப்போது இன்னும் பிறக்கவில்லை.

இசைப் பக்கத்திலும் இரண்டு இறப்புகள் இந்த நாளில் விழுகின்றன. மோரிஸ் ரவேல் 1937 டிசம்பர் 28 அன்று பாரிஸில் மறைந்தார். ஒரே தாளத்தை விடாமல் பிடித்து ஏறிக்கொண்டே போகும் அவருடைய 'பொலேரோ' முதலில் அரங்கேறிய பாரிஸ் ஓபரா மாளிகை, கிரான் கஃபேக்குக் கூப்பிடு தூரம்தான். மேக்ஸ் ஸ்டைனர் 1971 டிசம்பர் 28 அன்று மறைந்தார். வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டுக்குப் போனவர். 1933இல் 'கிங் காங்' படத்துக்கு அவர் போட்ட பின்னணி இசைதான், பேசும் படத்துக்கு இசை எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டியது. 'கான் வித் த விண்ட்', 'காசாபிளாங்கா' எல்லாம் அவர்தான். படத்தை உணர்ச்சிக்கு உணர்ச்சி பின்தொடர்ந்து போகிற பின்னணி இசையைக் கேட்டே நாமும் வளர்ந்திருக்கிறோம்.

2016 டிசம்பர் 28 அன்று டெபி ரெய்னால்ட்ஸ் போனார். மௌனப்படம் பேசும்படமாக மாறிய காலத்தைச் சொல்லும் 1952ஆம் ஆண்டு 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தில் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும் பெண்ணாக வந்தவர். அதற்கு முந்தின நாள்தான் அவர் மகள் கேரி ஃபிஷர் இறந்திருந்தார். கேரி இறப்பதற்குச் சில நாள் முன்பு வெளியான ஒரு 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அவருடைய இளவயது முகத்தைக் கணினியில் உண்டாக்கிக் காட்டியிருந்தார்கள். 'லா போஸ்ட்' பத்திரிகைக்காரர் எண்ணியது அதைவிடக் குறைவு. இருந்தவரின் அசைவைப் பாதுகாக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

நம் பக்கம் திரும்பினால், சினிமாவின் பிறந்தநாளைச் சொல்ல நமக்கு உறுதியான தேதி பாதிதான் இருக்கிறது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். அது எந்த ஆண்டு என்பதிலேயே அறிஞர்களிடம் ஒற்றுமை இல்லை. படத்தின் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியான நாள் தெரியும், 1931 அக்டோபர் 31. டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பாடியிருக்கிறார். உடன் நடித்தவர் தெலுங்கில் பேசியிருக்கிறார். அந்தப் படமும் இன்று இல்லை. லியோனில் தொழிற்சாலை வாசலை விட்டு வெளியே வந்த நாயைக்கூட நாம் இன்று பார்க்க முடிகிறது. நம் முதல் பேசும்படத்தின் நாயகியை அந்தப் படத்தில் பார்க்க முடியாது. இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் அந்த நாளைப் பற்றிய ஒரு செய்தி அழியாமல் வந்திருக்கிறது. படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது, வால்டாக்ஸ் சாலை வழியே கினிமா சென்ட்ரல் கொட்டகைவரை ஜனம் கூடவே போய், தேங்காய் உடைத்து, பூத்தூவி, ஊதுவத்தி காட்டி வரவேற்றார்கள் என்பது அது. படம் போய்விட்டது, பார்க்க வந்தவர்கள் பதிவாகி இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை காலை. விஜயகாந்த் சென்னையில் காலமானார். வயது 71. மதுரையிலிருந்து வந்த விஜயராஜ். 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் 'ஊமை விழிகள்' எடுக்க முன்வந்தபோது, அனுபவம் இல்லாத பிள்ளைகள் என்று தள்ளாமல் நடித்துக் கொடுத்தவர். 1991இல் நூறாவது படம் 'கேப்டன் பிரபாகரன்'. அன்று முதல் அவர் பெயரே கேப்டன் ஆகிவிட்டது. நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர விழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். படப்பிடிப்பில் நாயகனுக்கு ஒரு சாப்பாடு, லைட் பிடிக்கிறவருக்கு ஒரு சாப்பாடு என்று இருந்த வழக்கத்தை மாற்றி, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்தார். கோடம்பாக்கத்தில் அவரைப் பற்றிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தச் சாப்பாட்டில் வந்துதான் நிற்கும். மறுநாள் தீவுத்திடலில் வைத்திருந்த உடலைப் பார்க்க வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் அவரை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள். டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள்; அவ்வளவுதான் உறவு. கோயம்பேட்டில் அவருடைய கட்சி அலுவலக வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

எனக்கு இந்த இரண்டு டிசம்பர் 28க்கும் இடையே 128 ஆண்டு இருப்பதாகத் தோன்றவில்லை. முதலாவதில் முன்பின் அறியாத ஆட்கள் கூடினார்கள். இரண்டாவதிலும் அதே உறவுக்காரர்கள்தான் கூடினார்கள்.

2024 செப்டம்பர் 5 அன்று வெளியான 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில், குடும்பத்தின் சம்மதத்தோடு, செயற்கை நுண்ணறிவின் உதவியால் விஜயகாந்தின் முகம் வந்தது. தியேட்டரில் எழுந்த சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. எனக்கு அதில் பாதி மகிழ்ச்சி, பாதி தயக்கம். அவர் நடிக்காத அசைவு அது. 2025 ஆகஸ்டில், அவர் பிறந்தநாளை ஒட்டி 'கேப்டன் பிரபாகரன்' புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது அந்தத் தயக்கம் இல்லாமல் போய்ப் பார்த்தேன். அவர் முகம் முதன்முதலாகத் திரையில் வந்ததும், எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கைகூப்பினார். உட்காருங்க ஐயா என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவர் தலையும் திரையில் விழுந்திருக்க, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.